செடிக்குள் விளைந்த தங்கத் துகள்

மண்ணில் கரைந்திருக்கும் தங்கத்தை ஒரு செடி உறிஞ்சினால், அதை என்ன செய்யும் தெரியுமா? அமெரிக்காவின் எல் பாசோ நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாட்டுத் தீவனமான குதிரைமசாலைத் தங்க உப்பு கலந்த ஊடகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 2002-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பானது. எக்ஸ் கதிர் ஆய்விலும் மின்னணு நுண்ணோக்கியிலும் தெரிந்தவை, செடிக்குள்ளேயே உருவாகி வளர்ந்த தங்க நானோ துகள்கள்! உப்பாக உள்ளே போனது, உலோகமாக மாறியிருந்தது. ஆக, செடியை வெறும் உறிஞ்சு குழாய் என்று நினைப்பது தவறு. தனக்குள் வருவதை அது உருமாற்றவும் செய்கிறது.

ஆய்வுக்கூடத்தில் தங்கம் ஊட்டிப் பார்த்ததில் நமக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எந்த விவசாயியும் வயலுக்குத் தங்கம் போடுவதில்லை. ஆனால் துத்தநாகம் என்ற உலோகம் கொண்ட நானோ உரங்கள் சந்தைக்கு வந்துவிட்டன. அதனால் மண்ணில் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் மட்டும் போதாது. பயிருக்குள் போன பிறகு அது என்னவாக மாறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். விளைச்சல் நம் தட்டுக்கு வரும் முன்பே இந்த ஆய்வு நடப்பதுதான் நல்லது.