எல்லையோரத்து ஹைஸ்கூல்

நூற்றாண்டு கண்ட அரசுப் பள்ளிகளுக்கு விழா எடுப்பதும், தொடங்கிய ஆண்டைக் கல்லில் பொறிப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரத்தில் அந்த ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு பள்ளியின் கதையைச் சொல்லிவிட முடியாது. 1911-க்கு முன்பு இங்கே தொடங்கிய பள்ளிக்கூடம் வட ஆர்க்காடு மாவட்டத்தில் பிறந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் உருவானதும் அதோடு சேர்ந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலத்துக்குப் போனது. 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதன் கணக்கில் ஏறியது. இத்தனைக்கும் கட்டடம் இருந்த இடத்தைவிட்டு அசைய வேண்டியிருக்கவில்லை. இந்த அலைச்சலைச் சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது ஒரு வழக்கின் சாட்சியமாகத் தெரிகிறது: எல்லையோர அரசுப் பள்ளி தமிழ்க் குழந்தைக்கும் தெலுங்குக் குழந்தைக்கும் பொதுவாகவே கட்டப்பட்டது, அங்கே தெலுங்கு வழி வகுப்பு நடப்பதைச் சலுகை என்று பேசுவது பொருந்தாது.

யார் காசில் கட்டினார்கள் என்று முதலில் பார்க்கலாம். சென்னை மாகாணத்தில் 1871-ன் சட்டம் நிலத்தின் மீது ஒரு தனி வரியைப் போட்டு, அந்தப் பணத்தில் சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றை நடத்த வழி செய்தது. 1884-ன் சட்டம் ஜில்லா போர்டுகளை அமைத்தது. பெரியவர்கள் இன்றும் ‘போர்டு ஹைஸ்கூல்’ என்று சொல்வது இந்தப் போர்டுகள் நடத்திய பள்ளிகளைத்தான். சித்தூர் ஜில்லாவில் அந்த வரியைக் கட்டிய விவசாயி வீட்டில் எந்த மொழி பேசினான் என்று கணக்குப்பிள்ளை கேட்கவில்லை. படிக்கப் போகும் வழியிலும் மாநில எல்லை குறுக்கே நிற்கவில்லை. திருத்தணியில் 1888-ல், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1896-ல் திருப்பதியிலிருந்த லுத்தரன் மிஷன் பள்ளிக்குப் போனார்; பின்னர் வேலூரில் படித்தார். இன்று திருப்பதியும் வேலூரும் இரண்டு மாநிலங்களில் இருக்கின்றன. அன்று ஒரே மாகாணத்துக்குள் நடந்த படிப்புப் பயணம் அது. ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ல் அவர் படத்துக்கு மாலை போடும் பள்ளிகள் இந்த விவரத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

சாட்சியத்தின் கனமான பகுதி 1953 முதல் 1960 வரையிலான ஏழு ஆண்டுகள். ஆந்திர மாநிலம் பிறந்த அன்று, இந்த வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் அதே பெஞ்சில் உட்கார்ந்தபடி மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். தமிழரசுக் கழகத்தின் ம.பொ.சிவஞானமும் திருத்தணி கே.விநாயகமும் நடத்திய எல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கர் தந்த பரிந்துரை, 1959-ன் எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் முடிந்து திருத்தணியும் பள்ளிப்பட்டும் இந்தப் பக்கம் வந்தபோது, பக்கத்து பெஞ்சின் தெலுங்குப் பிள்ளைகள் சிறுபான்மையினர் ஆனார்கள். ஊர்விட்டு ஊர் போகாத இரண்டு வீட்டுப் பிள்ளைகள், தில்லியில் இயற்றிய சட்டங்களால் மாறி மாறிச் சிறுபான்மை ஆகியிருக்கிறார்கள். பிழைக்க வந்தவர்கள் என்று இவர்களில் யாரைச் சொல்வது? தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வேண்டும் என்ற அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்த அதே 1956-ல் சேர்க்கப்பட்டது தற்செயல் அல்ல.

இதற்கு வரும் மறுப்பு நியாயமானதுதான். தமிழ்நாட்டில் வாழ்கிற பிள்ளைக்குத் தமிழ் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிற காலத்தில், தமிழ் எழுதத் தெரியாமல் பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைக்குத்தான் நஷ்டம். அந்த அளவில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ன் தமிழ் கற்றல் சட்டத்தின் நோக்கத்தில் பிழை இல்லை. ஆனால் தமிழை ஒரு பாடமாகக் கற்பதற்கும், கணக்கையும் அறிவியலையும் வீட்டு மொழியில் புரிந்துகொள்வதற்கும் பகை கிடையாது. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கு விலக்கு கேட்கும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-ல் ஓராண்டுக்கு விலக்கு நீட்டிக்கப்பட்டது. விலக்கு மேல் விலக்காகத் தருவதைவிட, முதல் வகுப்பிலிருந்தே நல்ல தமிழாசிரியரைத் தெலுங்கு வழி வகுப்புக்கு அனுப்புவது மேல்.

வற்புறுத்தினால் மொழி வேர்விடும் என்பவர்கள் கனடாவைப் பார்க்கலாம். ஆன்டாரியோ மாகாணம் 1912-ல் பதினேழாம் விதிமுறை என்ற ஒன்றைக் கொண்டுவந்து, பிரெஞ்சு வழிக் கல்வியைத் தொடக்கத்தின் முதல் இரண்டு ஆண்டுகளோடு நிறுத்தப் பார்த்தது. பிரெஞ்சு பேசும் பெற்றோர் எதிர்த்து நின்றார்கள். 1927-ல் அரசு இறங்கிவந்தது. 1968-ல் பொதுப் பணத்தில் பிரெஞ்சு வழி உயர்நிலைப் பள்ளிகளையே சட்டப்படி அனுமதித்தது. இழந்த தலைமுறைகளை அதனால் மீட்க முடியவில்லை.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கடினமானது. பெற்றோரே ஆங்கில வழியைத் தேடும்போது யாருக்காகத் தெலுங்கு வழி? அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியபின் தமிழ் வழியும் இதே கேள்வியைச் சந்திக்கிறது. பிள்ளைகள் குறைவு என்பதைக் காரணம் காட்டி மூடுவதானால், நாளைக்குத் தமிழ் வழிக்கும் அதே காரணம் பொருந்தும். அதுமட்டுமல்ல, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் சத்தியவேட்டிலும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1960-ல் நாம் திருத்தணியைப் பெற்றபோது சத்தியவேடு பகுதிக் கிராமங்களை ஆந்திராவுக்குத் தந்துவிட்டு வந்தோம். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகமும் தமிழாசிரியரும் கேட்டுத் தமிழ்நாடு குரல் கொடுத்தால், ஆந்திர அதிகாரிகள் முதலில் திருப்பிக் கேட்கப்போவது பள்ளிப்பட்டில் என்ன நிலைமை என்றுதான்.