துண்டுத் துணியில் போன சேதி

பிரிக்ஃபீல்ட்ஸ் தையல் கடைகளில் தரையெங்கும் வெட்டுத் துணி கிடக்கும். மலாயில் அதற்குப் பெயர் 'கைன் பெர்ச்சா'. ஒட்டுப்போட்டுத் தைத்தால் போர்வை. அப்படிப்பட்ட போர்வைகள் ஒரு காலத்தில் சேதியும் சுமந்தன.

1942-இல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்த பெண்கள், ஆளுக்கொரு சதுரத் துணியில் தங்கள் பெயரோடு பூக்களையும் சிறை அறையையும் ஊசிநூலால் வரைந்தார்கள். 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை. காயம்பட்ட கைதிகளுக்கு என்று சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். உள்ளே இருந்ததோ, வேறு முகாமில் தவித்த கணவர்களுக்கான சேதி: "உயிரோடு இருக்கிறேன்."

அப்படித் தைத்த போர்வைகளில் இரண்டு, இன்று கன்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. வீட்டில் மிஞ்சும் பழைய சேலைத் துண்டை எறியுமுன் ஒருமுறை யோசியுங்கள்!