கடையில் எலிப்பொறி: செய்யும் முறையும் வைக்கும் இடமும்

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எலிகள் இரை தேடி ஊருக்குள் வரும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் வட்டாரத்தில் மளிகை நடத்தும் நம்மவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. பருப்பு மூட்டையில் எலி தின்பது கொஞ்சம்தான். கடித்த ஓட்டை வழியே சிந்துவதும், சிறுநீர் பட்டுக் கழிவதுமே பெரிய நஷ்டம். எலிக்காய்ச்சலுக்கும் அந்தச் சிறுநீரே வழி.

பலர் உடனே மருந்தைத் தேடுகிறார்கள். உணவுப் பொருள் இருக்கும் இடத்தில் அது வேண்டாம் என்பதே நம் கருத்து. 2024 நவம்பரில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூர் அருகே, வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நச்சால் இரண்டு குழந்தைகள் இறந்ததை மறக்க முடியாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் ஈரலை அழிக்கும்; அதற்கு முறிவு மருந்து கிடையாது. அதன் விற்பனைக்குத் தமிழகத்தில் தடை உள்ளது. பழைய இருப்பு அலமாரியில் கிடந்தால் அப்புறப்படுத்துங்கள்.

ஆகவே பொறிதான். காவிரிப் பாசன வயல்களில் வைக்கும் தஞ்சாவூர்க் கிட்டி மூங்கில் வில்லால் ஆனது. எலியை நெரித்துக் கொல்லும். வரப்புக்கு அது சரி, சரக்கு நடுவே ஆகாது. நமக்கு ஏற்றது கதவு விழும் பத்தாயம். காலியான 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றே போதும்.

டின்னைப் படுக்க வைத்து, ஒரு முனையை முழுதும் வெட்டி எடுங்கள். வெட்டிய ஓரத்தை மடித்துத் தட்டுங்கள், கை கிழியும். வாயின் இரு பக்கமும் மரச்சட்டத்தில் காடி எடுத்து, பலகைக் கதவு மேலும் கீழும் தடையின்றி ஓடும்படி அமையுங்கள். கதவு கனமாக இருக்க வேண்டும். லேசானால் எலி மூக்கால் நெம்பிவிடும். டின்னின் மேல் ஒரு குச்சியை நட்டு, அதன்மேல் ஏற்றத்தின் துலாவைப் போல் இன்னொரு குச்சியைக் குறுக்கே கட்டுங்கள். முன்முனையில் கதவு தொங்கும். பின்முனையில் கயிறும், கயிற்றின் நுனியில் சிறு மரச்சக்கையும் இருக்கும். பின்பக்கத் துளை வழியே ஒரு கம்பி. உள்முனையில் தீனி, வெளிமுனையில் சக்கையைப் பிடிக்கும் வளைவு. தீனியை இழுத்தால் சக்கை நழுவும், கதவு விழும். டின் ஆடாமலிருக்க மேலே ஒரு செங்கல் வையுங்கள்.

மசால் வடை, சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு எதுவும் ஆகும். ஆனால் தரையில் அரிசி சிந்திக் கிடந்தால் வடையை எந்த எலி தேடும்? இரவு கடை கட்டுமுன் கூட்டிப் பெருக்குவதே முதல் வேலை.

பொறியைக் கடையின் நடுவில் வைப்பவர்கள்தான் அதிகம். எலி சுவரை ஒட்டியே ஓடும். புழுக்கையும் எண்ணெய்க் கறையும் அதன் பாதையைக் காட்டிக் கொடுக்கும். அங்கேதான் வைக்க வேண்டும். புதுப் பொருளைப் பெரிய எலி சந்தேகிக்கும். முதல் இரண்டு மூன்று இரவு கதவைக் கட்டிவைத்துத் தீனி மட்டும் போடுங்கள், பழகியபின் பூட்டுங்கள். சுண்டெலிக்கு இந்தப் பயம் குறைவு. அது சில அடி தூரத்துக்குள்ளேயே சுற்றுவதால், ஒரு பெரிய பொறியைவிடப் பல சிறு பொறிகள் பலன் தரும். மூஞ்சூறு அகப்பட்டால் விட்டுவிடலாம். அது பூச்சி தின்னும். பசை அட்டை வேண்டாம். ஒட்டிய பிராணி நெடுநேரம் துடித்துச் சாகும்.

காலையில் கடை திறந்ததும் பொறியைப் பாருங்கள். அகப்பட்டதைத் தெருக்கோடியில் விட்டால் திரும்பி வரும், அல்லது பக்கத்துக் கடைக்குப் போகும். வெறுங்கையால் தொடாதீர்கள். செத்ததை ஆழமாகப் புதைத்து, பொறியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

மூட்டைகளைப் பலகைமேல், சுவரிலிருந்து ஓர் ஆள் நுழையும் அளவு தள்ளி அடுக்குங்கள். பென்சில் நுழையும் சந்தில் சுண்டெலியும் நுழையும்; கதவடியில் தகரம் அடித்து, ஓட்டைகளைச் சிமெண்டால் பூசுங்கள்.