கடலுக்குள் ஒரு கள்ளச்சாவி

தூத்துக்குடி என்றதும் என்ன ஞாபகம் வரும்? முத்து, உப்பு, மக்ரூன். முத்துக்குளிப்பு 1961-லேயே கடையைச் சாத்திவிட்டது. மற்ற இரண்டும் சௌக்கியம். நாலாவதாக அந்தக் கடலில் இன்னொரு சமாசாரம் உண்டு. ஒரு பூட்டு, அதற்கொரு கள்ளச்சாவி. பி.காம். படித்த எனக்கே புரிந்துவிட்டது, உங்களுக்கென்ன!

பூட்டு நம் உடம்பில் இருக்கிறது. நரம்பு செல்களின் மேல்சவ்வில் நியூரோடென்சின் ரிசெப்டர் என்று ஒரு புரோட்டீன். இதில் முதல் வகை, 418 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரே சங்கிலி. தையல் நூல் மாதிரி சவ்வை ஏழு தடவை துளைத்துக்கொண்டு நிற்கிறது. இதற்கு நியாயமான சாவி நியூரோடென்சின். 13 அமினோ அமிலம்தான். 1973-ல் காராவே, சூசன் லீமன் என்ற இருவர் மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், சேதி சொல்ல சாவி செல்லுக்குள் போக வேண்டியதே இல்லை. மேனேஜர் வாசலில் நின்றபடி மணியடிப்பார், உள்ளே ஜி-புரோட்டீன் என்கிற பியூன் எழுந்து ஓடுவார், ஃபைல் நகரும். ரத்த அழுத்தம், உடல் சூடு, வலி எல்லாவற்றிலும் இந்த ஆபீசுக்குக் கை உண்டு.

கள்ளச்சாவி போடுகிறவர் ஒரு நத்தை. கூம்பு நத்தை. ஓட்டின் மேல் அத்தனை அழகான கோலம்! உள்ளே ஈட்டி மாதிரி ஒரு பல், பின்னால் விஷப்பை. மன்னார் வளைகுடாவில் இதில் பல இனங்கள் உண்டு. இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக் வரை வாழும் கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற இனம்தான் கூட்டத்தில் பெரிய ரவுடி. ஓடத் தெரியாத நத்தை மீனைப் பிடிக்க வேண்டுமே? மீனை மந்தமாக்கிவிடுகிறது. அந்த விஷக் கலவையிலிருந்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பிலிப்பைன்ஸ்காரர் ஒலிவேராவின் குழு 1999-ல் 16 அமினோ அமிலச் சாவி ஒன்றை அறிவித்தது. வால்பக்கம் அச்சு அசல் நியூரோடென்சின் ஜாடை. ஊசி போட்ட எலி, தள்ளிவிட்டால்தான் நகர்ந்ததாம். 'தள்ளணும்' என்ற அர்த்தத்தில் பிலிப்பினோ மொழியில் 'துலாக்கின்' என்பார்கள். அதையே வைத்துக் கான்டுலாக்கின் என்று பெயரிட்டுவிட்டார்கள். (திங்கட்கிழமை காலையில் நம் செக்‌ஷனுக்கும் பொருந்தும்.)

இந்தச் சாவியில் ஒட்டியிருக்கும் துளி சர்க்கரையால் அது பூட்டில் கொஞ்சம் லூசாகத்தான் உட்காருகிறது. ஆனாலும் விலங்குச் சோதனையில் அசல் சாவியைவிட நன்றாக வலியைக் குறைத்தது. அதுவும் மார்ஃபின் தட்டும் கதவைத் தொடாமலே! மனிதர்களிடமும் சிறிய அளவில் சோதித்தார்கள். மருந்தாகக் கடைக்கு வரவில்லை. இன்னொரு கூம்பு நத்தையின் விஷத்திலிருந்து பிறந்த சிகோனோடைடு மட்டும் 2004-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. அது தட்டுவது வேறு கதவு. தண்டுவடத்தில் ஏற்ற வேண்டிய மருந்து. நம் கடற்கரை நத்தைகளையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பலராம் குழு ஆராய்ந்து, வாசோப்ரெசின் ஹார்மோனுக்கும் நத்தை கள்ளச்சாவி வைத்திருப்பதைக் காட்டியிருக்கிறது.

சங்கு குளிக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "வலிக்கு மருந்தா? இது குத்துனா வலிக்கதுக்கு ஆளே இருக்க மாட்டான் தம்பி!" என்றார்.

மிகையில்லை. முறிவு மருந்து கிடையாது. அகலமான பக்கமாகப் பிடித்தால் பத்திரம் என்பதும் தப்பு. பல் அங்கேயும் எட்டும். குத்திவிட்டால் ஆளை அசையாமல் படுக்க வைத்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சுத் தசை மரத்துப்போனால், விஷம் இறங்கும்வரை வென்டிலேட்டர்தான் அவருக்காக மூச்சு விட வேண்டும்.