ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு படகு

சின்னஞ்சிறு கப்பல்கள் – 7

சென்ற வாரம் மரக் கீற்றுகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டிப் படகு செய்பவர்களைப் பார்த்தோம். ஒரு குளிர்காலமே அதில் கரைந்துவிடும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் அச்சில் வார்த்த ஃபைபர் கிளாஸ் ஓட்டை விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் வழவழவென்று, கூரான அணியத்தோடு வெளியே வரும் அந்த ஓட்டைப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். முடிந்திருப்பது உருவம் மட்டும். இனிமேல் வரப்போவதெல்லாம் தராசும் தூக்குக்குண்டும்.

நமக்கு உதாரணம் 'இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்' என்ற வகை. 1988-ல் இதற்கு விதி வகுத்தார்கள். கரையில் நின்றபடி ரேடியோவில் ஓட்டும் பந்தயப் படகுகளில் இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பது இதுதான். விதி கறாரானது. ஓட்டின் நீளம் 1000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நீருக்குள் இறங்கும் ஆழம் 420 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மொத்த எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது. அடியில் தொங்கும் கீலும் அதன் நுனியிலுள்ள ஈயக் குண்டும் சேர்ந்து 2200 முதல் 2500 கிராம் வரை இருக்கலாம். எல்லோரும் 2500-ஐ ஒட்டியே வைத்துக்கொள்வார்கள். மிஞ்சுவது ஒன்றரைக் கிலோ. ஓடு, மேல்தளம், ஒன்றரை மீட்டருக்கும் உயரமான பாய்மரம், இரண்டு பாய்கள், சுக்கான், அதைத் திருப்பும் மோட்டார், பாய்க்கயிற்றை இழுக்கும் மோட்டார், பேட்டரி, பசை எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும்.

பாதிக்கும் மேற்பட்ட எடையை எதற்கு அடியில் தொங்கவிட வேண்டும்? பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு நிஜப் பாய்மரப் படகை அப்படியே பத்தில் ஒரு பங்காகச் சுருக்குவோம். பாயின் பரப்பு நூறில் ஒன்றாகிறது. பாயின் உயரமும் பத்தில் ஒன்றாவதால், காற்று படகைச் சாய்க்கும் முறுக்கு ஆயிரத்தில் ஒன்று. எடையும் ஆயிரத்தில் ஒன்றுதான். ஆனால் சாய்ந்த படகை நிமிர்த்துவது எடை மட்டுமல்ல. அந்த எடை எவ்வளவு தள்ளி நின்று இழுக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் நிமிர்த்தும் முறுக்கு. அந்தத் தூரமும் பத்தில் ஒன்றாகிவிட்டது. ஆகவே நிமிர்த்தும் வலு பத்தாயிரத்தில் ஒன்று. நாம் சிறுபடகு விடுகிறோம் என்று காற்று தன்னைச் சுருக்கிக்கொள்வதில்லை. அதே காற்றுக்கு முன்னால் சிறுபடகு பத்து மடங்கு சோனி. அலமாரியில் வைக்கும் அச்சு அசலான மாதிரிகளைக் குளத்தில் விட்டால் கவிழ்வது இதனால்தான். ஓடுகிற மாதிரியில் கீலை ஆழமாக இறக்குவதைத் தவிர வழியில்லை. ஈயத்தை நுனியில் குவித்துத் தொங்கவிடுவதும் அதற்காகத்தான். ஈயம் அடர்த்தியானது என்பதால் அத்தனை எடையும் ஒரு டம்ளர் அளவுக்குள் அடங்கிவிடுகிறது.

ஓட்டில் கார்பன் இழை சேர்க்க இந்த விதி இடம் தருவதில்லை. கண்ணாடி இழை, மரம், ரெசின் போன்றவைதான். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. பணம் உள்ளவர் இலகுவான ஓட்டை வாங்கி ஜெயித்துப் போக முடியாது. கீலிலும் சுக்கானிலும் மட்டும் கார்பனுக்குச் சலுகை உண்டு.

ஓட்டின் உட்புறத்தில் எதையும் ஒட்டுவதற்கு முன் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்கி, அசிட்டோனால் துடைக்க வேண்டும். இந்தத் தூசி கண்ணாடித் தூள் என்பதை மறந்தால் முன்கை இரண்டு நாள் அரிக்கும். நுரையீரலுக்கும் ஆகாது, முகக்கவசம் கட்டாயம். பசைக்கு எப்பாக்சி நல்லது. இறுகிய எப்பாக்சி மேல் பாலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது. பாலியெஸ்டரின் மேல் எப்பாக்சி பிடிக்கும். பாலியெஸ்டரில் ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்ற பழக்கத்தை எப்பாக்சிக்குக் கொண்டுவரக் கூடாது. அதன் விகிதம் மாறினால் பிசுபிசுப்பு கடைசிவரை போகாது. நம் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய ஃபைபர் படகுகளும் இதே குடும்பம்தான். மணலில் இழுபடும் அந்தப் படகுக்கு அடுக்கு மேல் அடுக்காகக் கண்ணாடி இழை வேண்டும். இங்கே தேவைக்கு மேல் தடவிய ஒவ்வொரு சொட்டு ரெசினும் அந்த ஒன்றரைக் கிலோவில் கழியும்.

இந்தக் கட்டுமானத்தின் உயிர் கீல் பெட்டியில் இருக்கிறது. கீலைச் செருகிக் கழற்றுவதற்கான ஒடுங்கிய உறை அது. கோணலாக ஒட்டிவிட்டால் படகு ஒரு பக்கம் காற்றை நன்றாகப் பிடிக்கும், மறுபக்கம் திரும்பினால் நொண்டும். ஓட்டைத் தொட்டிலில் கவிழ்த்து, ரசமட்டம் வைத்துச் சமன் பார்க்கிறார்கள். கீலில் மெழுகு தடவிப் பெட்டியோடு செருகி, தூக்குக்குண்டு நூலோடு அது ஒத்துப்போகிறதா என்று பின்னால் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார்கள். சுக்கானும் பாய்மரமும் அதே கோட்டில் வர வேண்டும். முதலில் சீக்கிரம் இறுகும் பசையால் அங்கங்கே புள்ளி வைத்து நிறுத்தி, மறுபடி பார்த்து, அதன் பிறகே நிரந்தரப் பசை. இந்த வேலையில் அவசரப்படுபவர் ஓட்டை விலைக்கு வாங்கி மிச்சப்படுத்திய நேரத்தை எல்லாம் குளக்கரையில் இழப்பார்.

மற்றவை மளமளவென்று நடக்கும். மெல்லிய ப்ளைவுட்டில் மோட்டார்களுக்கு ஒரு தட்டு. அதன் வெட்டு விளிம்புகள் நீர் உறிஞ்சாமல் இருக்க ரெசின் பூச்சு. மேல்தளத்தின் கைத்துளைகளை மூட, ஒட்டும் பாய்த்துணித் துண்டுகள். மூக்கில் இடி தாங்கும் ரப்பர், இதுவும் விதியில் உள்ளது. மற்றவர் படகில் ஓட்டை போடாமல் இருக்கத்தான். கடைசியில் தராசில் ஏற்றும்போது நான்கு கிலோவுக்குக் குறைவாக வந்தால் அது கொண்டாட்டம். குறைகிற கிராம்களுக்கு ஈயத் துண்டுகளை வேண்டிய இடத்தில், அதாவது நடுவில் அடியோடு அடியாக, ஒட்டிக்கொள்ளலாம். அதிகமாக வந்தவருக்கு அந்த வசதி இல்லை. கூடுதல் எடையைச் சுமந்தபடியே ஓட வேண்டியதுதான்.

பிறகு ஆழமான தண்ணீர்த் தொட்டி. நான்கு கிலோப் படகு நான்கு லிட்டர் நன்னீரை விலக்கி நிற்கும். அணியம் தாழ்ந்திருக்கிறதா, பின்பக்கம் அமுங்குகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். ரேடியோ பேட்டரிக்கு இடம் குறிப்பதை அதுவரை தள்ளிப்போடுவார்கள். அதை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் படகைச் சமன் செய்கிறார்கள். பாய்களைக் காற்றின் வேகத்துக்கு ஏற்ப மாற்ற மூன்று அளவுகளை விதி அனுமதிக்கிறது. தட்டையான பிளாஸ்டிக் தாளில் வளைவை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பது அடுத்த வாரம்.