சாமானுக்கும் ஓர் ஆயுள் உண்டு



எக்ளின்ரன் வீதி வெஸ்ரன் வீதியைச் சந்திக்கும் மவுன்ற் டெனிஸ் பகுதியால் தினமும் வேலைக்குப் போய்வரும் எம்மவர் பலர். அங்கேதான் முன்பு கொடாக் கம்பனியின் பெரிய தொழிற்சாலை இருந்தது. கமராவுக்கான பிலிம் அங்கே செய்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் சீவித்தன. 2005 இல் அது மூடப்பட்டது. தொழிலாளருக்கென்று கட்டிய 9 ஆம் இலக்கக் கட்டிடம் மட்டும் இன்று மிஞ்சியிருக்கிறது.

தொழிலாளர் பிழை விடவில்லை. பிலிமின் காலம்தான் முடிந்தது. நாம் ஊரிலிருந்து பொத்திக் கொண்டுவந்த கலியாணப் படங்களும் பிலிமில் எடுத்தவையே. இன்று யார் பிலிம் வாங்குகிறோம்?

ஒரு சாமான் சந்தைக்கு வருகிறது, வளர்கிறது, முதிர்கிறது, பின் தேய்கிறது. கொடாக்கின் கொடாகுறோம் பிலிம் 1935 இல் வந்தது. 2009 இல் நிறுத்தப்பட்டது. 74 வருட ஆயுள்! பிலிம் தேவைப்படாத டிஜிட்டல் கமராவை 1975 இலேயே செய்து பார்த்தவரும் கொடாக்கின் பொறியியலாளரான ஸ்ரீவன் சாசன்தான். ஆனாலும் பிலிம் தந்த இலாபத்தைக் கம்பனியால் இலகுவில் கைவிட முடியவில்லை. 2012 இல் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

எங்கள் வேலைத்தலத்திலும் ஒரு சாமான் இப்படித்தான் நின்றது. முதலில் ஓவர்டைம் குறைந்தது. பிறகு ஓடர்கள் சிறுத்தன. பழுதான மெசினைத் திருத்தாமல் மூலையில் தள்ளினார்கள். கண்ணால் கண்டும் நாங்கள் விளங்கிக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அந்த லைனையே கழற்றினார்கள். மற்ற மெசின் பழகியிருந்தவர்கள் வேறு லைனுக்குப் போனார்கள். எங்களில் சிலர் வீட்டுக்குப் போனோம்.

ஆகவே புதிதாக வந்த உறவுகளே, வேலை கிடைத்ததும் "இனிப் பயமில்லை" என்று இருந்துவிடாதீர்கள். நாம் செய்யும் சாமான் வளர்கிறதா, தேய்கிறதா என்று பாருங்கள். பக்கத்து மெசினையும் பழகுங்கள். மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போங்கள்.

வேலையால் நிறுத்தினால் வெறுங்கையோடு வந்துவிடாதீர்கள். ஒன்ராறியோவில் மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்தவர்களுக்குப் பொதுவாக முன்னறிவித்தலோ, அதற்கு ஈடான சம்பளமோ கிடைக்கவேண்டும். வேலைக் காப்புறுதிக்கும் உடனே விண்ணப்பியுங்கள்.

சாமானின் காலம் முடியலாம். அதைச் செய்த கைகளின் காலம் முடியக்கூடாது.