மலையிறங்கும் பேருந்தின் ஆற்றல் கணக்கு

கிழக்கு மலைத்தொடரின் ஒரு கூறாகிய கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு மேற்கே எழுந்து சேலம் மாவட்டத்தினுள்ளும் பரந்து கிடக்கிறது. வடபால் அமைந்த சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடி உயரமுடையது. தென்பால் அமைந்த பெரிய கல்வராயன் 4,000 அடி வரை ஓங்குகிறது. கோமுகியும் மணிமுத்தாவும் இம்மலையில் தோன்றுவன. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இந்நிலம் 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அதனால் அரசின் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் இங்குக் காலந்தாழ்த்தியே வந்தன. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. பின்னர் வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை வட்டமும் அமைந்தது. 2024 சூன் திங்களில் நச்சுச் சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதனையடுத்துச் சென்னை உயர்நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கெடுத்தது.

சாலை ஏன் இல்லை, இருக்கும் சாலை ஏன் இப்படி இருக்கிறது என்ற வினாக்களுக்கு ஆட்சியாளர் விடை கூறட்டும். மலைவழிப் போக்குவரத்தைப் பற்றி இயற்பியல் கூறுவதொன்று உண்டு. ஈண்டு எடுத்துரைக்க விழைவது அதனையே. உயிர்க்காப்பு, எரிபொருட் சிக்கனம், முதியோரும் உடற்குறையுடையோரும் எளிதில் ஏறியிறங்கும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் நாம் தனித்தனித் துறையாக எண்ணித் தனித்தனிக் கோப்பில் வைக்கிறோம். மலையிலோ மூன்றையும் ஆள்வது உயரம் என்னும் ஒரே அளவு.

ஆட்களோடு 12 டன் எடையுள்ள பேருந்து ஒன்று அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். நிறையையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 7 கோடி ஜூல் வரும். ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றல் 3.6 கோடி ஜூல். அதில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று மேலாகவே எஞ்சின் உழைப்பாக மாற்றித் தரும். ஆகவே உருளும் தடையையும் காற்றின் தடையையும் தள்ளி, வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே 5 முதல் 6 லிட்டர் வேண்டும். இவ்வாறு விலைகொடுத்து வாங்கிய ஆற்றல் மலையுச்சியில் நிற்கும் வண்டியில் நிலையாற்றலாக உறைகிறது. இறங்கும்போது அதனை எங்கேனும் ஒப்படைத்தே ஆகவேண்டும். ஒப்படைக்க இடமின்றி விட்டால், அடிவாரத்தை அடைகையில் வண்டியின் வேகம் மணிக்கு 390 கிலோமீட்டராக இருக்கும் என்பது கணக்கு. அதற்கு முன்பே வளைவு ஒன்று குறுக்கிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நூற்றுக்கு ஐந்து என்ற சரிவில் 600 மீட்டர் இறங்க 12 கிலோமீட்டர் செல்ல வேண்டும். அவ்வளவு தொலைவில் டயர்கள் உருளும் தடை, ஆற்றலில் ஐந்திலொரு பங்கை உண்ணும். மெல்லச் செல்வதால் காற்று கொள்ளும் பங்கு சிறிது. எஞ்சிய 5.6 கோடி ஜூல் அளவை பிரேக்கும் எஞ்சினுமே பகிர்ந்துகொள்ள வேண்டும். பிரேக் மட்டும் சுமப்பதாயின் என்னாகும்? நான்கு இரும்பு டிரம்களும் சேர்ந்து 200 கிலோ எனக் கொண்டு, காற்று குளிர்விப்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அவற்றின் வெப்பநிலை 580 பாகை உயரும். காற்று ஓரளவு குளிர்விக்கும் என்பது மெய்யே. ஆயினும் பாதி வெப்பமே போதும்: டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகும், கட்டையின் உராய்வுப் பொருளிலுள்ள பிசின் இளகி உராய்வு குறையும். எவ்வளவு ஆழமாக மிதித்தாலும் வண்டி நிற்காது. கருகிய நெடி பயணியர் இருக்கைக்கு வரும்போது எச்சரிக்கைக்குரிய நேரம் கடந்திருக்கும்.

மலைவழி ஓட்டுநர்களிடையே வழங்கும் அறிவுரை ஒன்று இக்கணக்கையெல்லாம் தன்னுள் அடக்கியது: “ஏறின கியர்லயே இறங்கு.” மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 12 கிலோமீட்டரைக் கடக்க 36 நிமிடம் ஆகும், 5.6 கோடி ஜூலை அந்நேரத்தால் வகுத்தால் 26 கிலோவாட். தாழ்ந்த கியரில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றுங்கால், இவ்வளவைப் பேருந்தின் எஞ்சினே காற்றை அழுத்தியும் உராய்ந்தும் வெப்பமாக்கிப் புறந்தள்ளிவிடும். பிரேக் வளைவுகளுக்கு மட்டும் வேண்டியதாய்க் குளிர்ந்தே இருக்கும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் வண்டியை உருளவிடும் பழக்கம் உயிர்க்கு மட்டுமன்று, சிக்கனத்துக்கும் பகை. இக்கால எஞ்சின்கள் கியரில் இருந்தபடி இறங்கும்போது எரிபொருள் ஊட்டத்தை முற்றும் நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் தம்மை அணையாமல் காக்க டீசல் குடிக்கின்றன. எஞ்சினையே அணைத்துவிடுவோரும் உளர். பிரேக்குக்கு வேண்டிய அழுத்தக் காற்றைத் தரும் பொறியும் அப்போது உடன் நின்றுவிடும். இதனை ஓட்டுநர் பயிற்சியில் கரும்பலகைக் கணக்காகவே சொல்லித்தரலாம் என்பது என் கருத்து. அறிவுரையாகக் கேட்டதை மறப்பவர் கணக்காகக் கண்டதை மறவார்.

இவ்வெப்பத்தை வீணே காற்றுக்குக் கொடுப்பானேன்? மின்பேருந்தின் இயக்கி இறக்கத்தில் மின்னாக்கியாக மாறி, வண்டியைத் தடுத்தபடியே மின்கலத்தை நிரப்பும். 5.6 கோடி ஜூலில் மூன்றில் இரு பங்கு மீண்டாலும் 10 கிலோவாட்-மணி கிடைக்கும். சமவெளியில் அது 8 முதல் 10 கிலோமீட்டர் ஓடப் போதும். சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகிலுள்ள ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஓடும் மின்லாரி இதனை எல்லைவரை கொண்டுசென்றது. ஏறும்போது வெற்று வண்டி. இறங்கும்போது கல்நிறைந்த வண்டி. சுமையோடு இறங்கி ஈட்டும் மின்னாற்றல், வெறுமையாய் ஏறச் செலவாகும் மின்னாற்றலைப் பெரும்பாலும் ஈடுசெய்கிறது. கல்வராயன் மலையிலும் பெருஞ்சுமை இறங்குமுகமானதே. மரவள்ளிக் கிழங்கு மூட்டைகள் சேலத்துச் சவ்வரிசி ஆலைகளை நோக்கி இறங்குகின்றன. கடுக்காயும் புளியும் தேனும் இறங்குகின்றன. அரிசியும் சிமெண்டும் ஏறுவதால் கணக்கு சுவிஸ் சுரங்கத்தைப் போல முற்றும் நிகராகாது. எனினும் இம்மலைக்கு மின்வண்டி பொருந்தாது என்போர் ஏற்றத்தை மட்டும் எண்ணுகிறார்கள், இறக்கத்தை எண்ணுவதில்லை. ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். மலையுச்சியில் மின்கலத்தை முழுதும் நிரப்பிவிட்டால், இறக்கத்தில் மீளும் மின்னைக் கொள்ள அதில் இடமிராது. பழைய உராய்வு பிரேக்கே மீண்டும் சுமை தாங்க நேரும். ஆதலின் மின்னேற்றும் நிலையம் வெள்ளிமலையில் அன்று, அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தை ஒட்டி அமைவதே முறை.

வளைவுகளுக்கு வருவோம். கொண்டை ஊசி வளைவின் உள்வட்ட ஆரம் குறைந்தது 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது இந்தியச் சாலைகள் பேரவையின் வரையறை. அவ்வேகத்தில் பயணியின் மேல் விழும் பக்கவாட்டு விசை அவருடைய எடையில் நான்கிலொரு பங்கினும் சற்றுக் குறைவு. வேகம் 30 ஆனால் விசை எடையில் பாதியாகிவிடும்; விசை வேகத்தின் இருபடியாக வளர்வதே காரணம். இருக்கை கிடைக்காமல் ஒரு கையில் பையும் மறுகையில் கம்பியுமாக நிற்கும் மூதாட்டிக்கு அது தூக்கியெறியும் விசை. சமவெளியில் பெரிதும் கருதப்படாத 10 கிலோமீட்டர் வேறுபாடு இது. ஏறிவரும் வண்டிக்கே இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைச்சாலை விதிக்கும் ஆற்றலே அடிப்படை: ஏற்றத்தில் நின்ற வண்டி மீண்டும் புறப்படுவது கடினம், பின்னோக்கி உருள்வதும் எளிது.

இனிப் பேருந்தின் படிக்கட்டு. வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டருக்கும் மேல். 60 கிலோ எடையுள்ளவர் அவ்வளவு ஏற 530 ஜூல் போதும். தசையின் திறன்குறையைச் சேர்த்தாலும், ஒரு கிராம் சர்க்கரையில் எட்டிலொரு பங்கு. இவ்வளவு சிறிய ஆற்றலுக்காகவா முழங்கால் வலியுடையோர் பயணத்தையே கைவிடுகிறார்கள்? இடர் ஆற்றலில் இல்லை. முதற்படி உயரமாதலால், முழு உடலையும் ஒற்றை முழங்கால் ஒரே வீச்சில் தூக்க வேண்டியுள்ளது. சென்னையில் 2024 முதல் ஓடும் தாழ்தளப் பேருந்துகளின் தளம் 40 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியும் சாய்பலகை வழியே ஏறும். ஆனால் அப்பேருந்தைக் கல்வராயனுக்கு அனுப்பினால், வளைவின் திடீர்ச் சரிவிலும் உடைந்த சாலையிலும் வயிறு தட்டி நிற்கும். வண்டியைத் தாழ்த்த இயலாவிடத்தில் தரையை உயர்த்தலாமே! பிரேசிலின் குரிடிபா நகரில் 1991 முதல் நிறுத்தங்களையே பேருந்தின் தள உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். நமக்கும் இது புதிதன்று. பழைய பெருவழிகளில் இன்றும் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள் தலைச்சுமையின் உயரத்துக்கே நடப்பட்டவை. சுமப்பவர் குனியாமல் இறக்கி, குனியாமல் ஏற்றிக்கொள்வார். நிறுத்தந்தோறும் பேருந்தின் தளத்துக்குச் சமமாக ஒரு கல்மேடையும் அதன்மேல் ஏற ஒரு மென்சரிவும் கட்டுவதற்குக் கொத்தனார் ஒருவரே போதும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்பதும் இதுவே.

சாலையே எட்டாத சிற்றூர்களில் நோயுற்றோரைத் தூளி கட்டிச் சுமப்பது கிழக்கு மலைகளில் இன்றும் உண்டு. காட்டைக் காப்பதா, சாலை போடுவதா என்று இதனை ஒரு பூசலாக்குவோர் சட்டத்தைப் படிப்பதில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், கிராம சபையின் பரிந்துரையோடு, ஒரு பணிக்கு ஒரு எக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைச் சாலைக்கு ஒதுக்க இடந்தருகிறது. எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. 6 மீட்டர் அகலத்தில் ஒரு எக்டேர் ஏறத்தாழ 1,650 மீட்டர் நீளச் சாலையாகும். பல குக்கிராமங்களின் தேவை அதற்குள் அடங்கும். போட்ட சாலை நிலைக்க மலைப்பக்க வடிகாலும் குறுக்குப் பாலமும் இன்றியமையாதன. தாரைத் தின்பது வண்டியினும் மழைநீரே.

சமவெளிக்கு இறங்கினால் கணக்கில் உயரத்தின் இடத்தை வேகம் பிடித்துக்கொள்கிறது. கள்ளக்குறிச்சியை ஒட்டிச் செல்லும் சேலம் – உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையை நான்கு வழியாக விரித்தவர்கள், ஊர்ப் புறவழிகளில் அதனை இரண்டு வழியாகச் சுருக்கினர். நடுத்தடுப்போடு விரைந்து பழகியவர் திடீரென எதிர்வண்டியை நேருக்குநேர் காண நேர்ந்தது. இதனினும் பெரிய வடிவமைப்புப் பிழையை நான் எண்ணிப் பார்க்க இயலவில்லை. கள்ளக்குறிச்சி நகருக்கென வகுத்த 16 கிலோமீட்டர் சின்னசேலம் இருப்புப்பாதை பல்லாண்டுகள் பணியிலேயே கிடந்தது. இரும்பின்மேல் இரும்பு உருளும் தடை, தார்ச்சாலையில் டயர் உருளும் தடையில் ஐந்திலொரு பங்கே என்பதால், இப்பாதை தரும் சிக்கனம் காத்திருப்புக்குத் தகும்.

அரைவைப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளை நோக்கி இரவெல்லாம் கரும்பு வண்டிகள் ஊர்ந்து செல்லும். தோகை தொங்கிப் பின்விளக்கை மறைத்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருபவர் கண்டு, மிதித்து, நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். தாழ்த்திய முகப்பொளியில் விளக்கில்லா வண்டி தென்படும் தொலைவும் அதனை ஒட்டியதே. நுண்ணிய பட்டகங்கள் பதித்த சிவப்புப் பட்டையோ விழுந்த ஒளியை வந்த திசைக்கே திருப்புவதால், அதைப்போல் பன்மடங்கு தொலைவிலேயே கண்ணில் படும். அதற்கு மின்னும் வேண்டா, விளக்கும் வேண்டா. கரும்பின் மேல் கட்டும் கயிற்றோடு இப்பட்டையைத் தோகைக்கு வெளியே தொங்கவிட்டால் மறையவும் மறையாது. ஆலையின் எடைமேடையில் ஒவ்வொரு வண்டியும் நின்றே ஆகவேண்டும். பட்டையில்லாத வண்டிக்கு எடைச்சீட்டு இல்லை என்று அங்கேயே விதித்துவிடலாம்.